சொக்கெட்டில் அமர்ந்தால் போதுமா?

கணனிக் கேள்வி பதில்

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுபோனதிலிருந்து, இப்பகுதிக்கு வரும் கடிதங்கள் பலவும் ஒரே விடயத்தையே சுற்றி வருகின்றன. வீட்டில் இருக்கும் பழைய மதர்போட்டை அப்படியே வைத்துக்கொண்டு புரொசசரை மட்டும் புதியதாக மாற்ற முடியுமா என்பதே அந்த விடயம். முழுக் கணனியையும் புதிதாக வாங்கும் வசதி எல்லா வீட்டிலும் இல்லை என்பதால் கேள்வி நியாயமானதுதான். மலையகத்திலிருந்து வந்த ஐந்து கடிதங்களை இம்முறை தெரிந்தெடுத்திருக்கிறேன். பாடப்புத்தகம் தாய்ப்பலகை என்று சொல்வதைக் கடையிலும் வீட்டிலும் மதர்போட் என்றே சொல்கிறோம் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கணனியில் எச்110 மதர்போட்டும் ஐ3-6100 புரொசசரும் இருக்கின்றன. விண்டோஸ் 11 போடுவதற்கு 8ஆம் தலைமுறைப் புரொசசர் வேண்டும் என்று உயர்தரம் படிக்கும் மகன் சொன்னதால், கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி தீபாவளிக்கு வந்தபோது பாவித்த ஐ5-8400 ஒன்றை வாங்கி வந்தான். மதர்போட்டுக்கும் 1151, புரொசசருக்கும் 1151 என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. பொருத்தும்போது எந்தத் தடையும் இல்லாமல் உட்கார்ந்தது. ஆனால் சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறதே தவிர திரையில் ஒன்றும் வரவில்லை. பழையதைத் திரும்பப் போட்டால் வேலை செய்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
— ஒரு தாய், ஹட்டன்

பதில்: விற்றவர் ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை, அந்தப் புரொசசர் நல்ல நிலையில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். தங்கள் தம்பியையும் கடிந்துகொள்ள வேண்டாம். இதே இடத்தில் தடுக்கி விழுந்தவர்களில் கணனி பழுதுபார்ப்பவர்களும் உண்டு, ஏனென்றால் 1151 என்பது வெவ்வேறான இரண்டு ஏற்பாடுகளுக்கு வழங்கிவரும் ஒரே பெயர்.

இன்டெல் நிறுவனம் 2015இல் 6ஆம் தலைமுறைப் புரொசசர்களை வெளியிட்டபோது புரொசசர் அமரும் இடமான எல்.ஜி.ஏ. 1151 சொக்கெட்டையும் கொண்டுவந்தது. 1151 என்ற எண், சொக்கெட்டில் எத்தனை தொடுமுனைகள் இருக்கின்றன என்பதை மட்டுமே சொல்கிறது. எந்த முனை எந்த வேலையைச் செய்கிறது என்பதை அது சொல்வதில்லை. 2017 ஜனவரியில் வந்த 7ஆம் தலைமுறை அதே ஏற்பாட்டைப் பின்பற்றியது. ஆனால் அதே ஆண்டு ஒக்டோபரில் 8ஆம் தலைமுறை வந்தபோது, அதுவரை ஐ5, ஐ7 வகைகளில் நான்காக இருந்த கோர்கள், அதாவது கணிப்பைச் செய்யும் உட்பகுதிகள், ஆறாயின. அவற்றுக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்பட்டதால், முன்பு 128 முனைகள் வழியாகப் போன மின்சாரத்தை 146 முனைகள் வழியாக அனுப்பும் விதத்தில், சும்மா ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த முனைகள் சிலவற்றுக்குப் புதிய வேலை கொடுக்கப்பட்டது. முனைகளின் மொத்த எண்ணிக்கை மாறவில்லை. தவறான புரொசசர் உள்ளே போகாமல் தடுப்பதற்காக ஓரத்தில் வைக்கப்படும் வெட்டுகளின் இடமும் மாறவில்லை. அதனால்தான் ஐ5-8400 தங்கள் மதர்போட்டில் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல உட்கார்ந்தும், வேலை செய்ய மறுக்கிறது. மின்முனைகளின் வேறுபாடு ஒருபுறமிருக்க, எச்110 மதர்போட்டின் பயோஸுக்கு, அதாவது கணனியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருளுக்கு, இந்தப் புரொசசரை அடையாளம் காணவும் தெரியாது. இனியும் அதைப் போட்டுப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் சொக்கெட்டின் மெல்லிய ஊசிகள் வளையும் ஆபத்து இருக்கிறது, ஓர் ஊசி வளைந்தாலும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஐ3கூட நின்றுவிடலாம்.

சில முனைகளை ஒட்டுத்தாளால் மறைத்து, திருத்திய பயோஸை ஏற்றி, 8ஆம் தலைமுறையைப் பழைய மதர்போட்டில் ஓடவைத்தவர்கள் இருக்கிறார்கள். கைவேலையில் ஆர்வமுள்ளவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் கணனியில் அந்த விளையாட்டுக்கு இடமில்லை.

அடுத்து என்ன செய்வது? எச்110க்கு ஏற்ற புரொசசர் என்றால் ஐ5-6500, ஐ7-6700 ஆகியவற்றையும், பயோஸைப் புதுப்பித்தால் ஐ5-7500 போன்ற 7ஆம் தலைமுறையையும் போடலாம். அவை எல்லாம் 65 வாட் புரொசசர்கள். தங்கள் ஐ3-6100 51 வாட். வேகம் நன்றாகவே கூடும். ஆனால் தங்கள் மகன் கேட்பது விண்டோஸ் 11; அதற்கு மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட பட்டியலில் இந்தப் புரொசசர்களுக்கு இடமில்லை. ஆகவே, கையில் ஏற்கெனவே ஐ5-8400 இருக்கும் நிலையில், மதர்போட்டுக்கு ஏற்ற புரொசசரைத் தேடிப் போவதைவிடப் புரொசசருக்கு ஏற்ற மதர்போட்டைத் தேடுவதே செலவு குறைந்த வழி என்பது என் கணிப்பு. எச்310, பி360, பி365, எச்370, இசட்370, இசட்390 ஆகிய சிப்செட்டுகளில் (மதர்போட்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சிப்புகளில்) ஒன்றைக் கொண்ட பாவித்த மதர்போட் போதும். தங்கள் தேவைக்கு எச்310 தாராளம். புரொசசரின் சூட்டை வெளியேற்றும் இப்போதுள்ள ஹீட் சிங்க் அப்படியே பொருந்தும், ஏனெனில் திருகுத் துளைகளின் இடைவெளி மாறவில்லை. ரேமை மட்டும் கழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்: எச்110 மதர்போட்டுகளில் பெரும்பாலானவை டி.டி.ஆர். 4 வகை, சில டி.டி.ஆர். 3 வகை, டி.டி.ஆர். 4 என்றால் புதிய மதர்போட்டுக்கும் அதுவே உதவும். எல்லாம் பொருத்திய பின்னர் பயோஸுக்குள் போய், பி.டி.டி. என்ற பெயரில் இருக்கும் டி.பி.எம். 2.0 என்ற, பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் வசதியை இயக்க வேண்டும். இது அணைந்திருப்பதால் மாத்திரமே விண்டோஸ் 11 ஏற்காமல் திரும்பி வருபவர்கள் நிறையப் பேர். பழைய எச்110ஐயும் ஐ3ஐயும் சேர்த்து விற்றால் செலவில் ஒரு பகுதி திரும்பி வரும்.

பாவித்த மதர்போட்டை வாங்கும்போது, சொக்கெட்டின் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்றும், மூடியைத் திறந்து வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் ஊசிகள் எல்லாம் ஒரே சீராக மின்னுகின்றனவா என்றும் தங்கள் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகக் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல மட்டம் தெரிய வேண்டும். ஓரிடத்தில் நிழல் விழுந்தாலும் வேண்டாம்.

கேள்வி: பெட்டியைத் திறக்காமல் மதர்போட்டின் பெயரைக் கண்டுபிடிக்க வழி உண்டா? இது அலுவலகக் கணனி என்பதால் நான் கை வைக்க முடியாது. கடைக்காரர் எந்த போட் என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்தது பெட்டியின் முன்னால் ஒட்டியிருக்கும் பெயர் மட்டும்தான்.
— தோட்ட அலுவலக எழுதுவினைஞர், பண்டாரவளை

பதில்: உண்டு. விசைப்பலகையில் விண்டோஸ் விசையையும் ஆர் என்ற எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் எம், எஸ், ஐ, என், எஃப், ஓ என்ற ஆறு எழுத்துகளையும் 32 என்ற எண்ணையும் இடைவெளி விடாமல் அடித்து என்டர் விசையை அழுத்துங்கள். வரும் பட்டியலில் பேஸ்போர்ட் மெனுஃபெக்சரர், பேஸ்போர்ட் புரொடக்ட் என்று இரண்டு வரிகள் இருக்கும். மதர்போட்டைச் செய்தவரும் அதன் மாதிரிப் பெயரும் அவைதான். அதற்குச் சற்று மேலே பயோஸ் வெர்ஷனும் அதன் திகதியும் இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இரண்டும் சேர்ந்தால்தான் விடை முழுமையாகும். அலுவலகத்தில் மென்பொருள் நிறுவ அனுமதி இருந்தால், சி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருளின் மெயின்போர்ட் பகுதியில் சிப்செட்டின் பெயரையும் பார்க்கலாம்.

பெயர் கிடைத்ததும் அதே மாதிரியின் பக்கத்தைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் திறந்து, சி.பி.யூ. சப்போர்ட் என்ற பட்டியலைத் தேடுங்கள். புரொசசரின் பெயர் பட்டியலில் இருப்பதைக் கண்டதும் மகிழ்ந்து மூடிவிடுகிறவர்கள் பலர். அந்த வரியின் கடைசிப் பத்தியில் ஒரு பயோஸ் எண் இருக்கும். அந்தப் பயோஸ் முதல்தான் அந்தப் புரொசசர் இயங்கும் என்பது அதன் பொருள். தங்கள் கணனியில் இருப்பது அதைவிடப் பழையதென்றால், புரொசசரை மாற்றுவதற்கு முன்னர் பயோஸைப் புதுப்பித்தாக வேண்டும்.

இன்னொன்று, ரெவிஷன் எண். கிகாபைட் போன்ற தயாரிப்பாளர்கள் ஒரே மாதிரிப் பெயரில் 1.0, 2.0 என்று திருத்திய பதிப்புகளை வெளியிடுவதும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியலும் தனித்தனிப் பயோஸ் கோப்பும் வைத்திருப்பதும் வழக்கம். இந்த எண் மதர்போட்டின் ஒரு மூலையில் அச்சிடப்பட்டிருக்கும். திரையில் எப்போதும் தெரியாது. இதைப் பார்க்காமல் வேறு ரெவிஷனின் கோப்பை இறக்கிக்கொண்டு, மதர்போட் ஏன் ஏற்க மறுக்கிறது என்று ஒரு மாலைப் பொழுது முழுவதும் குழம்பியவன் நான். ஆகவே என்றோ ஒருநாள் பழுதுபார்ப்பவர் பெட்டியைத் திறக்கும்போது கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சில மலிவான மதர்போட்டுகளில் பெயர் வர வேண்டிய இடத்தில் டு பி ஃபில்ட் பை ஓ.ஈ.எம். என்று மட்டும் வரும். தயாரித்தவர் பெயரை நிரப்பாமலே விட்டுவிட்டார் என்பது அதன் பொருள். அப்படிப்பட்ட மதர்போட்டுக்கு நம்பத்தக்க பட்டியலைத் தேடுவது வீண்வேலை. புரொசசரை விற்பவர் தங்கள் கண்முன்னே அதே மதர்போட்டில் போட்டுக் காட்டினால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலைக்குப் பழைய மாணவர்கள் இரண்டு பாவித்த கணனிகளைத் தந்தார்கள். இரண்டிலும் ஐ3-2100. இரண்டுக்குமாக இரண்டு ஐ5-3470 வாங்கினோம். ஒன்றில் போட்டவுடன் வேலை செய்தது. மற்றதில் பீப் ஒலி மட்டும் வருகிறது. புரொசசர்களை மாற்றி மாற்றிப் போட்டும் பார்த்தோம். குறை புரொசசரில் இல்லை. ஒரே சொக்கெட், ஒரே பழைய புரொசசர், பின்னர் ஏன் இந்த வித்தியாசம்?
— ஓர் ஆசிரியர், மஸ்கெலியா

பதில்: மாற்றிப் போட்டுப் பார்த்து, குறை புரொசசரில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்துவிட்டது. கடிதத்தோடு அனுப்பிய படங்களில் வேலை செய்யும் மதர்போட்டில் எச்61 என்றும், மற்றதில் கியூ65 என்றும் தெரிகிறது. விடை அந்த இரண்டு எழுத்துகளில்தான் இருக்கிறது.

2011இல் வந்த 2ஆம் தலைமுறையும் 2012இல் வந்த 3ஆம் தலைமுறையும் எல்.ஜி.ஏ. 1155 என்ற ஒரே சொக்கெட்டைப் பாவித்தன. ஹட்டன் தாயாரின் சிக்கல் இங்கே இல்லை. முனைகளின் வேலையும் ஒன்றேதான். ஆனால் சிப்செட்டுக்குள் மெனேஜ்மென்ட் எஞ்சின் என்ற ஒரு சிறு பகுதி இருக்கிறது. கணனி விழித்தெழும்போது அதுவும் தன் சொந்த மென்பொருளோடு விழித்தெழுகிறது. 3ஆம் தலைமுறைக்கு அந்த மென்பொருளின் 8ஆம் பதிப்பு தேவை. 2011இல் வந்த சிப்செட்டுகளில் இருந்ததோ 7ஆம் பதிப்பு. எச்61, எச்67, பி67, இசட்68 ஆகியவற்றை பயோஸ் புதுப்பிப்பின் மூலம் 8க்கு உயர்த்த வழி செய்யப்பட்டது. அலுவலகக் கணனிகளுக்கென்று செய்யப்பட்ட பி65, கியூ65, கியூ67 ஆகிய மூன்றுக்கும் அந்த வழி திறக்கப்படவில்லை. தங்கள் எச்61 மதர்போட்டின் பயோஸை முன்பிருந்த உரிமையாளர் புதுப்பித்திருக்க வேண்டும், அல்லது அது புதிய பயோஸோடு பிந்தி வந்த மதர்போட்டாக இருக்க வேண்டும். பழைய பயோஸோடு இருந்திருந்தால் அதுவும் திரையை இருட்டாகத்தான் வைத்திருக்கும்.

நிறுவனங்கள் கழித்துவிடும் பெயர்பெற்ற அலுவலகக் கணனிகள் நம் நாட்டுச் சந்தைக்கு ஏராளமாக வருகின்றன. உறுதியானவை, பாடசாலைகளுக்கு ஏற்றவை. ஆனால் 2ஆம் தலைமுறையோடு வந்த பெட்டி என்றால் பெரும்பாலும் இந்தக் கியூ வகைச் சிப்செட்தான் உள்ளே இருக்கும் என்பதை வாங்கும்போதே மனதில் வையுங்கள். கியூ75, கியூ77 என்றால் கவலையில்லை, அவை 2012இல் வந்தவை.

இரண்டாவது கணனிக்கு ஐ5-2400, ஐ5-2500, ஐ7-2600 ஆகியவற்றில் ஒன்றைப் போடலாம். மீதமான ஐ5-3470ஐக் கடையில் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். இவை மூன்றும் 95 வாட் புரொசசர்கள், தங்கள் ஐ3-2100 65 வாட் என்பதால், பெட்டி ஒடுக்கமான சிறிய வகையாக இருந்தால், 65 வாட் கொண்ட ஐ5-2400எஸ் பொருத்தமாக இருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வயதுக் கணனியில் மாணவர்கள் உணரும் மந்தத்துக்குப் புரொசசரைவிடச் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் பெரிய காரணம். எச்61இன் சாட்டா இணைப்பு விநாடிக்கு 3 கிகாபிட் வேகம் கொண்ட பழைய வகையே என்றாலும், அதில் ஓர் எஸ்.எஸ்.டி.யை மாட்டி ரேமை 8 ஜிபி ஆக்கினால், பாடவேளையின் முதல் பத்து நிமிடத்தைக் கணனி விழித்தெழுவதற்காகக் காத்திருந்து கழிக்க வேண்டியிராது. பணம் ஒன்றுக்கு மட்டும்தான் என்றால் நான் புரொசசரை விட்டுவிட்டு எஸ்.எஸ்.டி.யையே வாங்கியிருப்பேன். விண்டோஸ் 11 இவற்றில் முறைப்படி ஏறாது. பாடத்திட்ட வேலைகளுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பரிசீலியுங்கள்.

கேள்வி: என்னிடம் ஏ320 மதர்போட்டும் ரைசன் 3 1200 புரொசசரும் ஒரு சிறிய கிராபிக்ஸ் கார்டும் இருக்கின்றன. இதில் ரைசன் 5 5600 போட முடியாது, பி550 வாங்கித்தான் ஆக வேண்டும் என்று ஒருவரும், தாராளமாகப் போடலாம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?
— வீடியோ எடிட்டிங் செய்யும் இளைஞர், பதுளை

பதில்: முதலாமவர் 5000 வரிசையைப் பற்றி 2021இல் சொல்லியிருந்தால் அவர் சரி. இரண்டாமவர் இன்று சொல்வதால் அவர் சரி, ஆனால் தாராளமாக என்ற சொல்லை மட்டும் அவர் விட்டிருக்கலாம்.

ஏ.எம்.டி. நிறுவனம் ஏ.எம்.4 சொக்கெட்டை நீண்ட காலம் கைவிடாமல் வைத்திருந்தது. 2017இல் முதல் ரைசன் வந்ததிலிருந்து 2020 நவம்பரில் 5000 வரிசை வந்தது வரை சொக்கெட் மாறவேயில்லை. ஆனாலும் ஏ320, பி350, எக்ஸ்370 ஆகிய முதற்காலச் சிப்செட்டுகளுக்கு 5000 வரிசை கிடையாது என்றே ஆரம்பத்தில் சொல்லப்பட்டது. 2022 மார்ச்சில்தான் அந்த நிலைப்பாட்டை நிறுவனம் மாற்றிக்கொண்டது. அதன் பின்னர் மதர்போட் தயாரிப்பாளர்கள் அதற்கான பயோஸை வெளியிடத் தொடங்கினார்கள். எனவே சிப்செட்டின் பெயரை வைத்து முடிவெடுக்காமல், தங்கள் மாதிரியின் பட்டியலில் ரைசன் 5 5600 என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

பட்டியலில் இருந்தால், பயோஸைப் பழைய 1200 பொருத்தியிருக்கும்போதே புதுப்பிக்க வேண்டும். 5600ஐப் போட்ட பின்னர் பழைய பயோஸால் அதை எழுப்ப முடியாது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அக்கால மதர்போட்டுகள் பலவற்றில் பயோஸ் தங்கியிருக்கும் சிப்பின் கொள்ளளவு 16 எம்.பி. மட்டுமே. எல்லாத் தலைமுறைகளையும் அதற்குள் அடக்க முடியாமல், புதியவற்றைச் சேர்ப்பதற்காகப் பழைய சில புரொசசர்களை நீக்கிவிட்ட பயோஸ்களும் உண்டு. அப்படியானால் புதுப்பித்து முடித்ததும் தங்கள் 1200 திரும்ப எழும்பாமல் போகக்கூடும், மதர்போட் செத்துவிட்டது என்று பதறவும் நேரும். ஆகவே 5600 கையில் வந்து சேரும் முன்னர் புதுப்பிக்க வேண்டாம். பயோஸ் பக்கத்தில் உள்ள குறிப்பையும் வாசியுங்கள். மிகப் பழைய பயோஸிலிருந்து கடைசிக்கு நேராகத் தாவாமல் இடையிலுள்ள ஒன்றை முதலில் ஏற்றச் சொல்லியிருந்தால், அந்த வரிசைப்படியே செய்யுங்கள்.

பயோஸ் எழுதப்படும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் மதர்போட் எழும்பாமலே போய்விடலாம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலானால் இடியும் மழையுமாகத்தான் நம் மலைகள் இருக்கின்றன. வானம் இருண்டால் மின்சாரம் போவதற்குச் சொல்ல வேண்டியதில்லை. வானம் தெளிந்திருக்கும் காலைப் பொழுதில், பேட்டரி நன்றாக இருக்கும் யூ.பி.எஸ். ஒன்றில் இணைத்துச் செய்யுங்கள். யூ.பி.எஸ். இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு இரவல் வாங்கியாவது செய்யுங்கள்.

காலைப் பொழுது என்று சொன்னேன்; ஆனால் ஹீட் சிங்கைக் கழற்றுவதற்கு முன்னர் கணனியைப் பத்து, பதினைந்து நிமிடம் நன்றாக ஓடவிட்டு, பின்னர் மின்சாரத்தைத் துண்டித்துக் கழற்றுங்கள். ஏ.எம்.4இல் ஊசிகள் மதர்போட்டில் இல்லை, புரொசசரில் இருக்கின்றன. பழைய தெர்மல் பேஸ்ட் குளிரில் இறுகியிருக்கும்போது ஹீட் சிங்கை நேராக இழுத்தால், நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே புரொசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சூட்டில் பேஸ்ட் இளகிய பின், இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

5600ஐப் போட்டு முதல் முறை எழுப்பும்போது எஃப்.டி.பி.எம். (புரொசசரோடு வரும் டி.பி.எம். வசதி) மாறிவிட்டது என்று சொல்லி ஓர் ஆங்கில அறிவிப்பு வரலாம். பிட்லொக்கர் மூலம் டிஸ்க்கைப் பூட்டியிருந்தால், அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளாமல் அங்கே வை விசையை அழுத்த வேண்டாம். தங்கள் கிராபிக்ஸ் கார்டையும் விற்றுவிடாதீர்கள்; 5600க்குள் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜிக்குள்தான் இருக்கிறது. 1200உம் 5600உம் 65 வாட் என்பதால் மதர்போட்டின் மின்பகுதிக்குப் பாரம் பெரிதாகக் கூடாது. இதே துணிச்சலில் 105 வாட் கொண்ட 5800எக்ஸ், 5950எக்ஸ் ஆகியவற்றை ஏ320இல் போட எண்ண வேண்டாம். பட்டியலில் பெயர் இருந்தாலும் நான் போடமாட்டேன், அதுவும் மணிக்கணக்காக வீடியோ ரெண்டர் செய்கிற கணனியில்.

கேள்வி: எங்கள் ஊரில் எப்போதும் குளிர்தானே? பென்டியம் புரொசசரோடு வந்த சிறிய ஹீட் சிங்கையே புதிதாகப் போடும் ஐ7-3770க்கும் வைத்துக்கொள்ளலாமா?
— மாணவர், நுவரெலியா

பதில்: நல்ல கேள்வி, ஆனால் விடை தாங்கள் எதிர்பார்ப்பதல்ல. அறை குளிராக இருப்பது உதவும் என்பது உண்மையே. அதே வேளை நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் உள்ளதைவிடக் குறைவு, ஆகவே ஃபேன் ஒரு சுற்றில் தள்ளும் காற்று சுமந்து செல்லும் வெப்பமும் குறைவு. குளிர் கொடுப்பதில் ஒரு பங்கை உயரம் எடுத்துக்கொள்கிறது. தங்கள் பென்டியம் 55 வாட் வகை என்றால், ஐ7-3770 77 வாட். முழுச் சுமையில் அந்தச் சிறிய அலுமினியத் துண்டு போதாமல், புரொசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வாங்கிய வேகம் கைக்கு வராது. நடுவில் செப்பு வட்டம் பதித்த, சற்று உயரமான ஹீட் சிங்க் பாவித்த பொருட்களில் கிடைக்கும், அதை வாங்குங்கள். பழைய பேஸ்டை முழுவதும் துடைத்துவிட்டு, புதியதை ஒரு பச்சைப்பயறு அளவு மட்டும் நடுவில் வையுங்கள். பனிமூட்டம் உள்ளே வரும் ஜன்னலோரத்திலும் ஈரம் கசியும் சுவரை ஒட்டியும் பெட்டியை வைக்க வேண்டாம். அங்கே கணனிகளுக்குச் சூட்டைவிட ஈரம்தான் பெரிய எதிரி.